கற்பூரம் அணைத்த கை

சாந்தம்மா போடும் காப்பியில் சர்க்கரை எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருடமாகிறது. அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால், தெரியாமல் இத்தனை நாளும் கொடுத்துவிட்டோமே என்று அவள் மனம் நோகும். அதனால் கொடுத்ததைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொள்வேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, "புகாரே இல்லாம எதுக்குங்க ஸ்டேஷனுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். அழுதால் நீங்கள் பாவம் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால்தான் தாள் கேட்டேன். மத்தூர் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியார், முதலில் யார், அப்புறம் எங்கே, அப்புறம் என்ன, 'ஏன்' என்பது கடைசியில் என்பார். அந்த முறையிலேயே எழுதுகிறேன். 'ஏன்' வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோவிந்தப்பன். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். சரக்கைக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. மனைவி சரோஜா. ஒரே மகன் நவீன்குமார். சாந்தம்மா எங்கள் தெருக்காரி. புருஷன் போனபிறகு இரண்டு மாடும் ஒரு மகனுமாக நின்றவள். மகன் பெயர் மாதேஷ். எங்களுக்குள் சொந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் என்னை அண்ணா என்பாள், அவன் மாமா என்பான். நவீனும் மாதேஷும் ஒரே வகுப்பு, ஒரே கம்பெனி பஸ், ஒரே ஷிஃப்ட். இரண்டு பேருக்கும் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவோம். அபாயச் சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, திறந்த முற்றத்தில் பச்சைப் பலகைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். பெயர் வாசிப்பார்கள். தன் பெயரைக் கூப்பிடும்வரை ஒருத்தனும் நகரக் கூடாது. ஒருநாள் ஒத்திகை நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஷெட்டுக்குள் ஓடிவிட்டார்கள். மாதேஷ் மட்டும் பலகைக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றான்.

"டேய் எருமை, மழை பேயறது தெரியலியா? உள்ள வாடா" என்று நவீன் கத்தினான்.

"எம்பேர இன்னும் கூப்புடலியேடா" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்குமேடை வேலை இருக்கிறது என்று பெங்களூரில் பாலாஜி என்ற ஏஜென்ட் சொன்னான். இரண்டு பேரையும் அனுப்பலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். அந்த ஊரின் பெயரை எழுதக் கை வரவில்லை. நீங்கள் டி.வி.யில் பார்த்ததுதான். சாந்தம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்க நவீனும் போறானாண்ணா?"

"அவனும்தான் போறான்."

"அப்ப சரி. ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும். உங்க புள்ளைய உட்டு வெக்கற எடத்துல எம்புள்ளைக்கு என்ன வந்துடப் போவுது."

அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கம்பெனி எப்படி, பாலாஜி யார், விசா எந்த விதம், எதையும் கேட்கவில்லை. என் பிள்ளை அங்கே இருப்பதையே ஜாமீனாக எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கிணறு வெட்டுகிறவன் தானே முதலில் இறங்க வேண்டும். இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள்.

அவர்கள் போகும்போது அங்கே சண்டை இல்லை. போனபிறகு வந்தது. முதலில் எல்லைப் பக்கம் என்றார்கள். பிறகு ஊருக்கு வெளியே எண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல்களும் நிற்கின்றன, அதனால் அதையும் குறிவைப்பார்கள் என்று செய்தியில் வந்தது. சாந்தம்மா தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துகொள்வாள். சரோஜாவும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

அப்போது வெளிநாட்டு ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சின்னக் கப்பலில் பக்கத்து நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது. நம் பையன்கள் வேலை செய்த மேடைக்கு அந்தக் கப்பலில் ஒரு இடம் ஒதுக்கினார்கள். நவீன் அதில் வந்துவிட்டான்.

பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு நான் ஊருக்குப் போகவில்லை. ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு அறை எடுத்து உட்காரவைத்தேன். "நீ மட்டும் தனியா போய் நின்னா சாந்தம்மா தாங்குவாளா? மாதேஷும் வரட்டும். ரெண்டு பேரும் சேந்து போங்க" என்றேன். நவீனுக்கு அது நியாயமாகப் பட்டது. மாதேஷிடமும் போனில் அதையே சொன்னேன். "நீங்க சொல்றது கரெக்ட் மாமா. நவீன் மட்டும் ஊருக்குப் போய்ட்டான்னு தெரிஞ்சா எங்கம்மா சோறு தண்ணி எறங்காம கெடக்கும். நானும் சொல்லல, உடுங்க" என்றான். ஆக, தன் தாயிடமிருந்து இதை மறைத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் அவ்வளவு நல்ல பையன் என்பதற்காக எழுதுகிறேன்.

சரோஜாவிடமும் நான் சொல்லவில்லை. அவள் மனதில் ஒன்று நிற்காது. மகன் ஓசூரில் என் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவள் மத்தூரில் அவனுக்காக அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகை உண்மையானதாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அதைப் பார்த்துத்தான் சாந்தம்மா மேலும் நம்பினாள்.

ஆனாலும் தாய் மனது கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப்போவதாக வந்து நின்றாள். கெலவரப்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதே துறைமுகத்தில் இருந்தான். அவன் அப்பா மனு கொடுத்திருக்கிறார், அதை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அவரே போன் செய்து சொன்னாராம். மனுவை யாரிடமோ எழுதி வாங்கி, மடித்து, இடுப்பில் செருகியிருந்தாள்.

நான் வேண்டாம் என்றேன். மனு போட்டால் பையன்கள் பெயர் அந்த நாட்டுப் போலீசுக்குப் போகும், பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன். நடக்கக்கூடியதுதான் என்று அப்போது எனக்கே தோன்றியது.

அவள் இடுப்பிலிருந்து மனுவை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. ராத்திரியெல்லாம் என்னென்னமோ தோணுது. ஒரே ஒரு தடவ முனியப்பன் முன்னால கற்பூரம் அணைச்சுடுங்க. நான் இந்த மனுவ அடுப்புல போட்டுடறேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவனை யாரும் மறுபடி கேள்வி கேட்க மாட்டார்கள். மறுத்தவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

கோயிலில் எங்கள் இருவரைத் தவிரப் பூசாரி மட்டும் இருந்தார். சாந்தம்மாவே கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றினாள். சொல்ல வேண்டியதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "எம்பையன் நிக்கற எடத்துலதான் உம்பையனும் நிக்கறான். இது பொய்யின்னா எம்புள்ள தலையில உடியட்டும்." சொல்லிவிட்டு உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் கொஞ்சம் வெந்தது. முதல் வாக்கியம் பொய் என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை. இரண்டாவதை எதற்குச் சொன்னோம் என்று மட்டும் நடுங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுடுங்கண்ணா. புள்ள மேல சத்தியம் பண்ண வெச்சிட்டேனே, பாவி" என்றாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தாள். அந்த அடுப்பில்தான் மனு எரிந்தது. நான் காப்பியைக் குடித்தேன்.

பிறகு இன்னொரு கப்பல் புறப்பட்டது. மனு கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் அதில் வந்தார்கள். கெலவரப்பள்ளிப் பையனும் வந்தான்.

நான் ஷிஃப்ட் முடிந்து நவீன் அறைக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவேன். பெரும்பாலும் அவன் மாதேஷோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். மாதேஷ் அவனை விடவே மாட்டான். "இன்னாடா பார்சல்? பிரியாணியா? இங்க நாங்க டப்பா மீனத் துன்னுகினு கெடக்கறோம், தொர பிரியாணி துன்றாரு" என்பான். "குண்டுக்கு ஒளியறதுகூட ஈசிடா. எங்கம்மாவுக்கு ஒளிஞ்சிகினு ஓசூர்ல இருக்கியே, அதுதான் பெரிய வேல" என்பான். கடைசியாகப் பேசியபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். சிரிப்புக்கு நடுவில், "ஆமா, மாமா சொன்ன ஏரோப்ளேன் எப்படா வருது? கேட்டுச் சொல்றா" என்றான். நவீன் திரும்பி என்னைப் பார்த்தான். எந்த ஏரோப்ளேன் என்று அவனுக்குத் தெரியாது. நான் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏரோப்ளேன் விஷயம் 'ஏன்' என்பதில் வருகிறது.

மறுநாள் மத்தியானம் குண்டு போட்டார்கள். நவீனின் போனில் இரண்டு பேரும் பார்த்தோம். யாரோ தூரத்திலிருந்து எடுத்த படம். முதலில் ஒரு வெளிச்சம், அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் சத்தம். பிறகு பஞ்சுப் பொதிகள் இருந்த கிடங்கு பற்றிக்கொண்டது. நின்ற கப்பல் ஒன்று வெடித்துத் தண்ணீர் மேலேயே நெருப்பு ஓடியது. பெரிய கிரேன் ஒன்று, மாடு முன்னங்காலை மடித்துப் படுப்பதுபோல, மெதுவாக மடிந்து கீழே உட்கார்ந்தது. "அது எங்க மேடை கிரேன்ப்பா" என்றான் நவீன். மாதேஷின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தான்.

அவர்களோடு வேலை செய்த மங்களூர்க்காரர் ஒருவர் தப்பியிருந்தார். அவர் பிறகு கூப்பிட்டு நவீனிடம் கன்னடத்தில் சொன்னார். சங்கு ஊதியதும் எல்லாரும் நிலவறைக்குள் ஓடியிருக்கிறார்கள். மாதேஷ் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, அங்கேயும் திறந்த முற்றத்தில் இருந்த பச்சைப் பலகைக்குக் கீழே போய் நின்றிருக்கிறான். இவர் கூப்பிட்டும் அவன் வரவில்லை. பெயர் வாசிப்பார்கள் என்று கையைக் காட்டினானாம்.

கொஞ்ச நாள் இதுதான் என் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீக்குச் சொல்லிக்கொடுத்தோமே, குண்டுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று. அப்படி நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

சாந்தம்மாவுக்குத் தகவலை நான்தான் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "நவீன்?" நவீன் தப்பிவிட்டான் என்றேன். அவள் கையெடுத்து வானத்தைக் கும்பிட்டாள். அப்புறம்தான் கீழே விழுந்தாள்.

சில நாள் கழித்து நவீனை வீட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு செய்தேன். ஓசூரிலிருந்து ஒரு டாக்சியில் ஏற்றி, அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டிப் போய், பெங்களூரிலிருந்து வருவதுபோல அங்கேயே வண்டியைத் திருப்பினோம். பெட்டியில் புது ஏர்லைன் சீட்டுகூட ஒட்டினேன். சரோஜா அவனைப் பார்த்துக் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. ஆலம் சுற்றினார்கள். சாந்தம்மாவும் வந்திருந்தாள். சாவு விழுந்த வீட்டுக்காரி, அதனால் உள்ளே வராமல் எதிர் வேலியோரமாக நின்றாள். சிவப்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நவீனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவன் முகத்தைத் தொடக்கூட இல்லை, தீட்டு ஒட்டிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கடைசியா அன்னிக்கி அவன் சாப்ட்டானா கண்ணு? நீ பக்கத்துலதான இருந்த?"

நவீன் என்னைப் பார்த்தான். அவன் வாய் திறக்கும் முன்னால் நான் சொன்னேன். "வயிறார சாப்ட்டானாம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்ட்டாங்களாம்."

"அது போதும்" என்றாள் அவள்.

அன்று இரவிலிருந்து நவீன் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்காருவான், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான். தண்ணீர், எப்போதாவது கொஞ்சம் மோர், அவ்வளவுதான். கிருஷ்ணகிரியில் டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். சவப்பெட்டி வந்து மாதேஷை அடக்கம் செய்த அன்று நவீன்தான் தூக்கினான். திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்த பெட்டி. "பாரமே இல்லப்பா" என்று மட்டும் என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. சரோஜாவிடம் எதையோ சொல்லியிருக்கிறான். அவள் தட்டை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறாள்.

இப்போது 'ஏன்'.

கப்பலில் ஒரு இடம் என்று எழுதினேன். யாருக்கு ஒதுக்கினார்கள் என்று எழுதவில்லை. ஆங்கில அகரவரிசைப்படி மாதேஷ் முதலில், நவீன் அடுத்து. இடம் மாதேஷுக்கு வந்தது. பாலாஜி என்னைக் கூப்பிட்டு, "மொதல் பேரு அந்த அம்மா பையன் சார். அவன் வேண்டாம்னா அடுத்தது உங்க பையன்" என்றான். அதை வெறும் தகவலாகத்தான் சொன்னான். கொஞ்ச நேரத்தில் மாதேஷே கூப்பிட்டான். எதுவானாலும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டான்.

"மாமா, கப்பல்ல எம்பேரு வந்துகிதாம். போவட்டுமா?"

எங்கள் கம்பெனி மேடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. நான் கொஞ்சம் ஓரமாகப் போய்ப் பேசினேன். கடல் வழி ஆபத்து, கப்பலைத்தான் அடிக்கிறார்கள், உன் அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான், அவசரப்படாதே, உனக்கு ஏரோப்ளேனில் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். அப்படி ஒரு ஏரோப்ளேன் இல்லை.

"அப்ப அடுத்த பேரு நவீன்தான மாமா, அவன் கப்பல்ல போனா அவனுக்கு ஆவத்தில்லியா?" என்று கேட்டான். தனக்காகக் கேட்கவில்லை, நவீனுக்காகக் கேட்டான். அவனுக்கு நீச்சல் தெரியும் என்றேன். "ஆமா ஆமா, கெலவரப்பள்ளி டேம்ல அந்தக்கரைக்குப் போனவனாச்சே" என்று சிரித்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

பெயர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் நான். அவன் பெயரை ஒருமுறை கூப்பிட்டார்கள். போகாதே என்றதும் நான்தான்.

மனு போயிருந்தால் முதல் கேள்வியே, முதல் கப்பலை இவன் ஏன் மறுத்தான் என்பதாக இருக்கும். அதற்காகத்தான் கற்பூரம் அணைத்தேன். பையனைக் காப்பாற்றியதைக்கூடப் பெற்றவன் செய்வது என்று நீங்கள் விடலாம். அவன் பத்திரமாக வந்து ஓசூரில் படுத்தபிறகும், என் மானத்துக்காக மாதேஷை அங்கேயே நிறுத்திவைத்தேன். குண்டு போட்டவன் யாரென்று எனக்குத் தெரியாது. அது விழுகிற இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறதோ, எழுதிக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன். வெட்கம் என்பது முகத்தில் வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அந்த உள்ளங்கையில் வருகிறது. ஆறிப்போன இடம்தான், ஆனாலும் யார் கையையும் தொட முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று பூசாரியிடம் போயிருந்தேன். பொய்ச் சத்தியத்தை யாருக்குச் செய்தோமோ அவர்கள் காதில் உண்மை விழ வேண்டும், அவர்கள் வாயால் 'உட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும், அதுவரை அது பிள்ளையை விடாது என்றார். நவீனுக்குக் கண் உள்ளே போய்விட்டது அம்மா. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. சாந்தம்மாவை அழைத்து இதை முழுவதும் படித்துக் காட்டுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவளிடம் கேட்டு வாங்குங்கள். அவள் மறுக்க மாட்டாள், நவீன் மேல் அவளுக்கு உயிர்.

இப்போது எதற்காக வந்து சொன்னான் என்று அவள் கேட்பாள். மாதேஷுக்காக என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் படிக்க வேண்டாம். அவள் மனம் நோகும்.